மலைச் சாலைக்கும் பந்தயத்துக்கும் ஒரே கிரவுன்

தேனி, போடி, கம்பம் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். நூற்றுப் பதினெட்டுப் பேர் இருக்கிறோம். ஓய்வு பெற்றுவிட்ட என்னையும் மரியாதைக்குச் சேர்த்திருக்கிறார்கள். அதில் மாதம் ஒருவராவது இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்: "அண்ணே, ஒரு கஸ்டமர் எல்.எஸ்.டி. போடணும்ங்கிறாரு. ரோட்டுலயும் ஓட்டுவாராம், ரேஸுக்கும் போவாராம். எந்த வகையப் போட?"

நான் ஒவ்வொரு முறையும் பதில் எழுதத் தொடங்கி, மூன்று வரி போனதும் அழித்துவிடுகிறேன். எனக்குப் பதில் தெரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். தெரியும் என்று சொல்லவும் எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. என் வேலைக் காலம் முழுக்க அந்த ஒரு பெட்டியோடுதான் கழிந்தது. ஆனாலும் போன வருடம் ஒரே ஒரு காருக்கு ஒரே ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது நான் பட்ட குழப்பத்தைப் போல அதற்கு முன்பு பட்டதில்லை. அதை முழுதாக எழுதிவிட்டால் கேட்பவர்கள் அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

தொழிலில் இல்லாதவர்களும் படிப்பார்கள் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், உட்பக்கச் சக்கரம் குறைவான தூரம். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் கோத்துவிட்டால் டயர் தேயும், இல்லாவிட்டால் தண்டு முறியும். அதனால் நடுவில் சில பல்சக்கரங்களை வைத்து, ஒரு பக்கம் குறைத்து மறுபக்கம் கூட்டித் தருகிற ஏற்பாடுதான் டிஃபரன்ஷியல். அதிலுள்ள பெரிய பல்சக்கரத்தின் பெயரைச் சொல்லி முழுப் பெட்டியையுமே நாங்கள் கிரவுன் என்போம். அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினாலோ காற்றில் தூக்கிக்கொண்டாலோ, இன்ஜினின் சுற்று முழுவதும் அந்தச் சக்கரத்துக்கே போய்விடும். நல்ல தரையில் இருக்கும் சக்கரம் அசையாது. இந்தக் குணத்தை ஓரளவு அடக்கி, தரையில் இருக்கிற சக்கரத்துக்கும் பங்கு தருவது எல்.எஸ்.டி., அதாவது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்.

நான் டிப்ளமோ முடித்துவிட்டுக் கம்பத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஷெட்டில் சேர்ந்தேன். படித்ததற்கும் ஷெட்டில் நடந்ததற்கும் சம்பந்தம் கண்டுபிடிக்கவே சில வருடம் ஆனது. அங்கே சௌந்தரபாண்டி என்பவர் பெரிய மேஸ்திரி. எதையும் ஏன் என்று சொல்ல மாட்டார். "கேளு" என்பார். வேறு பாடம் கிடையாது.

கேட்பதற்கு அவரிடம் இரண்டடி நீளத்தில் ஒரு இரும்புக் கம்பி இருந்தது. அதன் ஒரு முனை தட்டையாக அடிக்கப்பட்டிருக்கும். கிரவுனில் சத்தம் வருகிறது என்று ஒரு பஸ் வந்தால் அவர் செய்யும் முறை இது: முன்சக்கரங்களுக்கு நான்கு கல் முட்டுக் கொடுப்பார். பின்பக்கம் ஒற்றைச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குவார். டிரைவரை உட்கார வைத்து, இரண்டாவது கியர் போட்டு கிளட்சை மெல்ல விடச் சொல்வார். தூக்கிய சக்கரம் சுற்றும், தரையில் இருப்பது நிற்கும், வண்டி நகராது. பிறகு கம்பியின் தட்டை முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை கிரவுன் பெட்டியின் மேல் வைத்து, இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். சத்தம் பல் வழியாக மண்டைக்குள் வந்துவிடும்.

முதல் தடவை என் வாயில் கம்பியைக் கொடுத்துவிட்டு, முடிந்ததும் கேட்டார்.

"என்னலே கேட்டுச்சு?"

"கர்ரு கர்ருனு கேட்டுச்சுங்க."

"சக்கரம் ஒரு சுத்து வாறதுக்குள்ள எத்தன கர்ரு?"

நான் மறுபடி கடித்து எண்ணினேன். "மூணு. இல்லைங்க, நாலு. நடுவுல இருக்குங்க, மூணரை."

அடிப்பார் என்று நினைத்தேன். "மூணரைதான். பினியன்" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த பஸ்ஸில் கிரவுனுக்கு நாற்பத்தொரு பல், இன்ஜின் பக்கமிருந்து அதைச் சுற்றவைக்கும் பினியனுக்கு ஆறு. ஒரு சக்கரம் நின்று ஒன்று மட்டும் ஓடினால் கிரவுன் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஆக, தூக்கிய சக்கரத்தின் ஒரு சுற்றுக்குப் பினியன் ஏறக்குறைய மூன்றரைச் சுற்று. சுற்றுக்கு ஒன்று என்றால் அச்சு பேரிங். இரண்டு சுற்றுக்கு ஒன்று என்றால் கிரவுனில் ஒரு பல் போயிருக்கிறது. மேஸ்திரிக்கு இந்தக் கணக்கு தெரியுமா, பழக்கத்தில் சொன்னாரா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எதையும் எண்ணும் வியாதி மட்டும் அன்றுமுதல் எனக்கு ஒட்டிக்கொண்டது.

ஏன் ஒற்றைச் சக்கரம்? இரண்டையும் தூக்கினால் ஆபத்தே இல்லையே? அதையும் ஒருநாள் கேட்டேன். "ரெண்டையும் தூக்குனா உள்ள இருக்க சின்னப் பல்லெல்லாம் தூங்கும்லே. தூங்குறவன் எப்படிச் சத்தம் போடுவான்?" என்றார். உண்மைதான். இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றினால் நடுவிலுள்ள சின்னப் பல்சக்கரங்களுக்கு வேலையில்லை, அவற்றின் கோளாறு காதுக்கு வராது.

அந்த ஷெட்டில் வேலை கற்றவர்கள் கூடலூரிலிருந்து போடி வரை கடை வைத்தார்கள். முறையும் அவர்களோடு போனது. இன்றைக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் பின்பக்கம் சத்தம் என்று ஒரு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், முதலில் ஒற்றைச் சக்கரத்தைத் தூக்கிக் கியரைப் போடுவார்கள். வேறு ஊர் மெக்கானிக்குகளிடம் நான் இந்த அளவுக்குப் பார்த்ததில்லை.

நான் பிற்பாடு தேனியில் ஒரு ஜீப் பட்டறைக்குத் தலைமை மெக்கானிக்காக வந்தேன். அங்கே வந்தவை பெரும்பாலும் மலைக்குமேல் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள். மழைக்காலத்தில் மண்பாதையில் ஒரு சக்கரம் சும்மா சுற்ற ஆரம்பித்தால், டிரைவர்கள் ஆட்களை அந்தப் பக்கம் சாயச் சொல்வார்கள். கனம் ஏறினால் சக்கரம் பிடிக்கும். ஒருமுறை சோதனைக்காக நானும் கூடப் போயிருந்தேன். டிரைவர் "வலது பக்கம் காத்தாடுது, எல்லாரும் வலது பக்கம் வாங்க தாயி" என்று கத்தினார். பதினான்கு பெண்களும் நகர்ந்தார்கள். ஓரத்தில் நசுங்கிய ஒரு பெண் சொன்னார், "பெட்ரோலு உனக்கு, கனம் எங்களுக்கா? வாடகையில பாதிய இங்கன குடுத்துட்டு வண்டிய எடு."

வண்டி ஏறிவிட்டது. நான் பார்த்த முதல் எல்.எஸ்.டி. அந்தப் பெண்கள்தான் என்று சிரித்துக்கொள்வேன். சில டிரைவர்கள் பொறுமையில்லாமல் சின்னப் பல்சக்கரங்களை வெல்டு வைத்து இறுக்கிவிடுவார்கள். அவை மலையில் நன்றாக ஏறும், தேனி பஸ் ஸ்டாண்டு முனையில் திரும்பும்போது அச்சு முறியும். முறிந்த அச்சுகள் பட்டறை மூலையில் குவிந்து கிடக்கும். ஒரு பக்கம் சரியாவது மறுபக்கம் கெடுவதை அங்கேதான் நிறையப் பார்த்தேன்.

இனி அந்தக் கார்.

ஜெபராஜ் போடி பஜாரில் ஏலக்காய், மிளகு வியாபாரம் செய்பவர். நாற்பதைத் தாண்டியவர். அவர் அப்பா வாங்கிய, பின்சக்கர இழுவைப் பழைய கார் ஒன்றை இன்ஜின் மாற்றி, வருடத்தில் மூன்று நான்கு முறை கோயம்புத்தூர்ப் பக்கம் பந்தயப் பாதைக்குக் கொண்டுபோவார். வார நாட்களில் அதே காரை அவருடைய மனைவி மெர்சி ஓட்டுவார். போடிமெட்டுக்கு மேலே அவர்களுக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருக்கிறது. அதன் நிர்வாகம் மெர்சியுடையது. பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, மாலையில் அதே பதினேழையும் இறங்கி வருவார். மூடுபனியானாலும் மழையானாலும் போக வேண்டும்.

இருவரும் சேர்ந்தே என் வீட்டுக்கு வந்தார்கள்.

"அய்யா, எல்.எஸ்.டி. போடணும். பிளேட் வகையா, பல்சக்கர வகையான்னு நீங்கதான் சொல்லணும். நீங்க சொல்றதத்தான் ஆர்டர் போடுவேன்" என்றார் ஜெபராஜ். "பிளேட் வகை போட்டா பாதையில ஒரு ரவுண்டுக்கு ரெண்டு செகண்டு குறையும்ங்கிறாக."

"மலையில எனக்கு எத்தன செகண்டு குறையும்?" என்று கேட்டார் மெர்சி.

"மலையில யாரு உன்னய ரேஸ் ஓட்டச் சொன்னா?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

நான் தவறாகச் சொன்னால் ஈரமான வளைவில் பின்பக்கம் வழுக்கிப் பள்ளத்துக்குப் போவது இந்தப் பெண். பந்தயப் பாதையில் ஓரத்தில் மணலும் டயர் அடுக்கும் இருக்கும். போடிமெட்டில் ஒன்றரை அடிக் கைப்பிடிச் சுவர், அதிலும் பல இடத்தில் உடைசல்.

பிளேட் வகை என்பது பைக் கிளட்சுத் தட்டுகளைப் போன்றது. அடுக்கடுக்கான தட்டுகள் நெருக்கிக்கொண்டு இரண்டு அச்சையும் சேர்த்துப் பிடிக்கும். ஒரு சக்கரம் காற்றில் இருந்தாலும் பிடி விடாது. ஆனால் மெதுவாகத் திரும்பும்போது டக் டக் என்று உதறும், தனி எண்ணெய் கேட்கும், தட்டு தேயும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் பிடிக்கிற மாதிரி அதை அமைக்கலாம். பந்தயக்காரர்களுக்கு அது பிடிக்கும். கொண்டை ஊசியில் இறங்கும்போது அது காரின் மூக்கைத் திரும்பவிடாமல் நேராகத் தள்ளும். பல்சக்கர வகையில் தட்டே இல்லை. சாய்வாக வெட்டிய பற்கள் ஒன்றையொன்று அழுத்தி, பிடிமானம் உள்ள பக்கத்துக்கு மற்றதைப் போல மூன்று மடங்கு வரை அனுப்பும். சத்தமில்லை, தேய்மானம் குறைவு. ஆனால் மடங்குக் கணக்குதான் அதன் சிக்கல். ஒரு சக்கரம் முழுக்கக் காற்றில் இருந்தால் அதன் பிடிமானம் சுழி. சுழியை மூன்றால் பெருக்கினாலும் சுழிதான்.

காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்தேன். பிளேட்டுக்கு ஐந்து, பல்சக்கரத்துக்கும் ஐந்து. மழையை இரண்டாக எண்ணினால் ஐந்தும் ஆறும். தேய்மானத்தை விட்டுவிட்டால் மறுபடி சமம். மூன்று தாள் வீணானது. என் மகள் வந்து, "அப்பா, தேதி வர்றதுக்கு முன்னாடியே எதுக்குக் கிழிக்கிறீங்க?" என்றாள்.

ஜெபராஜுக்குக் கோயம்புத்தூரில் ஒரு நண்பர். அவர் தன்னிடமிருந்த பிளேட் வகை ஒன்றைச் சோதித்துப் பார்க்க இரவலாகத் தந்தார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது பிடிக்காதபடி அமைத்துத்தான் பூட்டினேன். பன்னிரண்டு தட்டுகள். எண்ணெயில் ஊறப்போட்டு, வரிசை மாறாமல் அடுக்கி, பெட்டியை மூடினேன். பூட்டிய பிறகு அதன் இறுக்கத்தை அளக்க ஒரு முறை இருக்கிறது. ஒரு சக்கரத்தைத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, திருப்பும் விசையைக் காட்டும் டார்க் ஸ்பேனரைச் சக்கரத்தின் நடுவில் போட்டுத் திருப்ப வேண்டும். எந்த அளவில் சக்கரம் அசைகிறதோ அதுதான் இறுக்கம். ஸ்பேனர் ஏழு காட்டியபோது அசைந்தது. மூன்று தடவை பார்த்தேன், மூன்றும் ஏழு.

அளந்துகொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. சக்கரம் காற்றில் இருக்கிறது. கியர் மட்டும் விழுந்திருந்தால் இந்தத் தட்டுகள் தரையில் இருக்கிற சக்கரத்தையும் சேர்த்து இழுத்திருக்கும். கார் ஜாக்கியிலிருந்து குதித்திருக்கும். பெரிய மேஸ்திரியின் முறை இந்தக் காருக்கு ஆகாது.

இதை மெர்சியிடம் சொன்னேன், ஜெபராஜிடம் சொன்னேன். மலையடிவாரத்தில் முந்தலில் கடை வைத்திருக்கும் முருகேசனுக்குப் போன் போட்டும் சொன்னேன். அவன் என்னிடம் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். மெர்சி மலையில் ஏதாவது சத்தம் கேட்டால் அவனிடம்தான் நிறுத்துவார்.

"எனக்குத் தெரியாதாண்ணே. டிராக்டர்ல லாக்கு போட்டா ரெண்டு சக்கரமும் சேந்துதானே சுத்தும், அதே கததானே. ஒத்தச் சக்கரத்தத் தூக்கிக் கியரு போடக் கூடாது. அம்புட்டுத்தானே" என்றான்.

போடி மார்க்கெட் முனையில் திரும்பும்போதெல்லாம் கார் டக் டக் என்று உதறி, காய்கறிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பதாக மெர்சி சொன்னார். அது அப்படித்தான் இருக்கும் என்றேன். ஒருநாள் மாலை, இறங்கும்போது புதிதாக வேறொரு சத்தம் வருகிறது, முந்தலில் நிறுத்துகிறேன் என்று போன் செய்தார். நான் பஸ் ஏறினேன்.

முந்தலில் இறங்கியபோது சாலைக்கு எதிர்ப்பக்கம் கடை. காரின் வலது பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கியிருந்தது. மெர்சி உள்ளே உட்கார்ந்திருந்தார். முருகேசன் காரின் பின்னால் குந்தி, கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு, காதைப் பொத்தியிருந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கையை ஆட்டினேன். "மெர்சி, கியர் வேண்டாம்" என்று கூப்பிட்டதாகத்தான் நினைவு. என் பின்னாலிருந்த பஸ் கிளம்புகிற சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை.

கார் ஒரு தவளையைப் போல முன்னால் தாவியது. ஜாக்கி சாய்ந்து விழுந்தது. பின்பகுதி தடாலென்று இறங்கியது. தண்ணீர் டிரம்மில் மோதி, அதைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது. மெர்சி சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து, இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

முருகேசன் வாயைப் பொத்தியபடி தரையில் உட்கார்ந்திருந்தான். பெட்டி இறங்கியபோது கம்பி நெம்பியதில் மேல்பல் இரண்டு போயிருந்தன. உதடு கிழிந்திருந்தது. அவ்வளவுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் அவன் சக்கரத்துக்கு முன்பக்கம்தான் குந்துவான். கம்பி வைக்க அங்கிருந்து வசதி. அன்றைக்கு முன்பக்கம் தண்ணீர் தேங்கிக் கிடந்ததால் பின்பக்கம் போயிருக்கிறான். முன்பக்கம் இருந்திருந்தால் அந்த அச்சு அவன் மேல் இறங்கி ஏறியிருக்கும்.

மெர்சிதான் அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். தையல் போட்டு வெளியே வந்ததும் முருகேசன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னான்:

"தெரியும்ணே. நீங்க சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு. அக்கா சத்தம்னாக. நான் பாட்டுக்கு ஜாக்கிய வச்சுட்டேன். 'கியரப் போட்டு கிளட்ச லேசா விடுங்கக்கா'ன்னு என் வாய்தான் சொல்லுச்சு. கை தானாப் போயிருச்சுண்ணே."

மெர்சி என்னிடம் திரும்பினார். "நீங்க எங்கிட்டயும்தான சொன்னீக அய்யா. இவரு கியர் போடச் சொன்னாக, நான் போட்டேன். மெக்கானிக் சொன்னா போடத்தான செய்வோம்?"

மூன்று பேருக்கும் தெரிந்த ஒன்று மூன்று பேரையும் தடுக்கவில்லை. தெரியாததால் விபத்து நடந்தால் அதற்கு மருந்து உண்டு, சொல்லிக்கொடுத்துவிடலாம். தெரிந்தே நடந்தால் எதைச் சொல்லிக்கொடுப்பது? என் காலண்டர்க் கட்டத்தில் மழை இருந்தது, தேய்மானம் இருந்தது, செகண்டுகள் இருந்தன. காருக்கு அடியில் கை விடுகிறவனுக்கு அதில் மதிப்பெண்ணே இல்லை. அவனுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

பிளேட் வகையைக் கழற்றி நண்பருக்குத் திருப்பி அனுப்பினோம். மெர்சி கேட்ட புதிய சத்தம் ஒரு அச்சு பேரிங். சுற்றுக்கு ஒன்று. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எந்த கிரவுன் இருந்தாலும் அது போயிருக்கும்.

ஜெபராஜுக்கு மனம் வரவில்லை. வீக்கம் வடிந்த முருகேசனையும் என்னையும் கடையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பந்தயத்துக்குப் பிளேட் வகைதான் நல்லதுன்னு நீங்களே சொன்னீக. பின்னால எழுதி ஒட்டிருவோம். 'ஒற்றைச் சக்கரம் தூக்காதே'ன்னு செவப்புல."

"எனக்கு ஒட்ட வேணாம் அண்ணாச்சி" என்றான் முருகேசன். "ரெண்டு பல்லு போயிருக்கு, கண்ணாடி பாத்தாலே படிச்சுக்கிருவேன். ஆனா குமுளி ரோட்டுலயோ சின்னமனூர்லயோ வண்டி நின்னுச்சுன்னு வைங்க, கம்பியும் கையுமா ஓடி வாறவன் உங்க போர்டையா படிப்பான்?"

மெர்சி ஏலக்காயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார், "பல்சக்கர வகை குதிக்காதா அய்யா?"

சுழியை மூன்றால் பெருக்கினால் சுழி. பந்தயத்தில் குறையென்று நான் எழுதியிருந்ததே இங்கே பாதுகாப்பாகத் தெரிந்தது. ஆனாலும் கணக்கை நம்பி இன்னொருவன் பல்லைப் பணயம் வைக்க எனக்குத் துணிச்சலில்லை. பல்சக்கர வகையை வரவழைத்துப் பூட்டி, முன்பக்கத்துக்கு நான்கு கல் கொடுத்து, காரின் பின்பக்கத்தை ஒரு சங்கிலியால் சிமெண்டுத் தூணோடு கட்டி, பக்கத்தில் ஒருவரையும் நிற்கவிடாமல் நானே உள்ளே உட்கார்ந்து சோதித்தேன். ஒற்றைச் சக்கரம் தூக்கி, இரண்டாவது கியர். தூக்கிய சக்கரம் சுற்றியது. கார் நகரவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. சுற்றுகிற சக்கரத்தை நிறுத்த நம் ஆட்கள் ஹேண்ட் பிரேக்கை லேசாகப் பிடிப்பார்கள். அதையும் செய்து பார்த்தேன். இரண்டு சொடுக்குத்தான் இழுத்தேன். தொய்ந்து கிடந்த சங்கிலி விறைத்தது. கார் தூணை இழுக்கப் பார்த்தது. பிரேக் பிடித்ததும் அந்தச் சக்கரத்துக்கு ஒரு தடை கிடைக்கிறது, அதை மூன்றால் பெருக்கித் தரைச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. சுழி சுழியாக இருக்கும்வரைதான் என் கணக்கு சரி.

இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பழைய சாதாரண கிரவுன் ஒன்றுதான் எதைச் செய்தாலும் நின்ற இடத்தில் நிற்கும். அதுதான் ஈரத்தில் மெர்சியை மலையில் நிறுத்திவிடும். பிளேட் தாவும். பல்சக்கரம் பெரும்பாலும் தாவாது. பெரும்பாலும் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மெக்கானிக் என்ன செய்ய முடியும்? இரண்டு சக்கரத்தையும் தூக்கச் சொல்லலாம். அப்படித் தூக்கினால் சின்னப் பல்சக்கரங்களின் சத்தம் கேட்காது, கோளாறு உள்ளேயே வளரும். அதுவும் ஒரு ஆபத்து. சாலையோரக் கடையில் இரண்டாவது ஜாக்கி எத்தனை பேரிடம் இருக்கிறது? நான் ஒருமுறை கணக்கெடுத்தேன். முந்தலிலிருந்து போடி வரை ஒன்பது கடை. இரண்டு ஜாக்கி இருந்தது இரண்டு கடையில்.

இதையெல்லாம் மெர்சியிடம் அப்படியே சொன்னேன். சங்கிலி விறைத்ததையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப எதுன்னு சொல்றீக?" என்றார்.

"பல்சக்கரம்னு நினைக்கிறேம்மா."

"நினைக்கிறீகளா?"

"ஆமாம்மா. நினைக்கத்தான் முடியுது."

"இருக்கட்டும்" என்றார்.

ஜெபராஜ் அதோடு பந்தயப் பாதைக்குப் போய்வந்தார். வந்ததும் எனக்குப் போன். ஒரு குறிப்பிட்ட வளைவில் ஓரக்கட்டையின் மேல் ஏறும்போது உட்பக்கச் சக்கரம் தூக்கிக்கொள்கிறதாம், இன்ஜின் சும்மா கத்துகிறதாம், பின்னால் வந்த இரண்டு கார் தாண்டிப் போய்விட்டதாம். பிளேட் வகையில் இன்னொரு முழு அச்சு வாங்கி வைத்துக்கொண்டு, பந்தயத்துக்கு முன்னால் மாற்றி, பின்னால் மறுபடி மாற்றலாமா என்றார். செய்யலாம்தான். ஆனால் எந்த வாரம் எந்த அச்சு உள்ளே இருக்கிறது என்று யாருக்கு நினைவிருக்கும்? இதை நான் சொல்வதற்குள் பக்கத்திலிருந்து மெர்சியின் குரல் கேட்டது.

"திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் அது என் வண்டி. வெளிய என்ன இருக்குன்னு பாத்துக்கிறதே எனக்குப் பெரும்பாடு. உள்ள என்ன இருக்குன்னு வாராவாரம் கேட்டுட்டு ஏற முடியாது. நீங்க ரெண்டு காருக்குப் பின்னாலயே வாங்க."

ஜெபராஜ் போனை வைத்துவிட்டார். இரண்டாவது அச்சு வாங்கவில்லை.

குழுவில் கேட்கும் தம்பிகளுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். பந்தயத்துக்கு மட்டும் என்றால் பிளேட் வகை, அதில் எனக்குக் குழப்பமில்லை. ரோட்டுக்கும் சேர்த்து என்றால், கார் எங்கே ஓடும் என்று கேட்பதோடு எங்கே நின்றுபோகும் என்றும், அங்கே அதைத் தூக்குகிறவர் யார் என்றும் கேளுங்கள். அதன்பிறகு எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். இப்போது வருகிற கார்களில் கம்ப்யூட்டரே பிரேக் பிடித்து இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறதாம். அது ஒற்றைச் சக்கரம் தூக்கியிருக்கும்போது என்ன செய்யும் என்று இரண்டு பேரைக் கேட்டேன். இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள்.

போன மாதம் கிரவுன் எண்ணெய் மாற்ற முந்தலுக்கு வரச் சொல்லியிருந்தேன். நான் முன்னாலேயே போய் முருகேசன் கடையில் உட்கார்ந்திருந்தேன். அடிவாரத்தில் நல்ல வெயில். மெர்சி மலையிலிருந்து இறங்கி வந்து காரை நிறுத்தினார்.

"எப்படிம்மா இருக்கு, பின்னால ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல அய்யா. முன்ன மாதிரியேதான் இருக்கு."

எனக்கு அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று பிடிபடவில்லை. எல்.எஸ்.டி. ஒழுங்காக வேலை செய்தாலும் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது, வேலையே செய்யாவிட்டாலும் தெரியாது. "ஒரு நல்ல மழையில ஓட்டிப் பாத்துச் சொல்லும்மா, அப்பத்தான் விளங்கும்" என்றேன்.

"மழையிலதான்யா இறங்கி வாறேன்."

அப்போதுதான் காரைச் சரியாகப் பார்த்தேன். கூரையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சக்கரங்கள் நான்கிலும் செம்மண் அப்பியிருந்தது. மேலே மலை முழுவதும் மேகத்துக்குள் இருந்தது. பதினேழு வளைவும் அதற்குள்தான். அந்தப் பெட்டி காப்பாற்றியதா, இந்தப் பெண் நிதானமாக ஓட்டியதா?

முருகேசன் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தான். புதிதாகக் கட்டிய இரண்டு பல்லும் மற்றவற்றைவிட வெள்ளையாகத் தெரிந்தன. பின்சக்கரத்தின் அருகே குனிந்தவன், என்னைப் பார்த்தான், மெர்சியைப் பார்த்தான். ஜாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, எதிரே டீக்கடையில் நின்ற ஜீப் டிரைவரிடம், "மாப்ள, உன் ஜாக்கியக் கொஞ்சம் குடு, தந்துர்றேன்" என்று கேட்டுக்கொண்டே சாலையைத் தாண்டிப் போனான்.

மெர்சி கார்க் கதவைத் திறந்து, சாவியை உருவிக் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்.